எல்லைக்கோட்டின் இருபுறமும்: பாலக்காடு முதல் பீர்மேடு வரை தமிழ் பேசும் மலைநாடு



பிழைப்பை நாடி நகரங்களில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில் ஒரு சாரார், "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்னும் சாதாரணக் கேள்விக்கு விடையளிக்கச் சற்றே தயங்குவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வீட்டில் பேசுவது தமிழ். கையிலிருக்கும் வேதாகமம் தமிழ். ஆனால் பிறந்த இடமோ மூணாறு, வண்டிப்பெரியார், கொழிஞ்சாம்பாறை என்று கேரளத்தின் வரைபடத்தில் இருக்கிறது. "அப்படியானால் நீங்கள் மலையாளிகளா?" என்று அடுத்த கேள்வி வரும். பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒன்றையும், பூர்வீக மாநிலம் என்ற கட்டத்தில் மற்றொன்றையும் எழுதவேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவும், அவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து ஆராதிக்கிற மற்றவர்களுக்காகவும் அந்த மலைநாட்டின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரே மொழி பேசும் நிலப்பரப்பை நிர்வாகத்துக்காகக் கூறுபோடுவது நம் தேசத்தில் மட்டும் நடந்ததன்று. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் சகோதர சகோதரிகள் பிலிப்பைன்ஸ் நாட்டவரோடு பழகியிருப்பார்கள். அங்கே தகாலோக் மொழி வழங்கும் தென்பகுதியை 2002-ல் அரசாங்கம் இரண்டு மண்டலங்களாகப் பிரித்தது. அது ஒரே தேசத்துக்குள், ஒரே ஆட்சிமொழிக்குள் நிகழ்ந்த பிரிவினை. நம் மலைநாட்டில் விழுந்த கோடு ஆட்சிமொழியையே மாற்றிவிட்டது.

கணவாய் நாடு

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மதில். அம்மதிலில் உள்ள பெரிய வாசல் ஒன்றே. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நிற்க, நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயே அது. இதன் வழியாகவே ரயில் செல்கிறது, நெடுஞ்சாலை செல்கிறது, காற்றும் செல்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று இவ்வழியே புகுந்து கோயம்புத்தூரையும் பொள்ளாச்சியையும் குளிரப்பண்ணுகிறது. மார்கழி, தை மாதங்களிலோ கீழ்த்திசையிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுக்குள் நுழைந்து பனைமரங்களைச் சலசலக்கச் செய்கிறது. கேரளம் என்றவுடன் தென்னையும் உப்பங்கழியும் நினைவுக்கு வருகிறவர்கள் ஒருமுறை சித்தூர் தாலுக்காவின் கிழக்கு எல்லைக்குச் சென்று பார்க்கவேண்டும். எருத்தேம்பதி, வடகரைப்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய இடங்களில் கரிசல் மண் இருக்கிறது. கேரளத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத மண் அது. அங்கே நிலக்கடலையும் பருத்தியும் பயிராயின. கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விட்டால் உடுமலைப்பேட்டைப் பக்கம் நிற்பதாகவே எண்ணுவீர்கள். கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும் கள்ளில் பெரும்பகுதி இந்தத் தாலுக்காவின் மரங்களிலிருந்து இறக்கப்படுகிறது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அவ்வட்டாரத்தின் பொருளாதாரத்தை இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரச் சோதனைச் சாவடி ஊர்களின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். இவை எல்லைக்கோட்டுக்கு முன்பே இருந்த ஊர்கள். கோடு பின்னால் வந்தது.

பாலக்காட்டுக் கோட்டையை 1766-ல் ஹைதர் அலி கட்டுவித்தார். 1790-ல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மலபார் முழுவதும் கம்பெனியார் வசமாயிற்று. பின்பு அது சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டமாக 1956 வரை இருந்தது. ஆகையால் பாலக்காட்டுப் பிள்ளைகள் மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் சென்னைக்கு வந்ததில் வியப்பொன்றும் இல்லை. அவர்களுக்கு அதுவே தலைநகரம். ஆனால் பக்கத்திலிருந்த சித்தூரோ கொச்சி மகாராஜாவின் சீமை. பொள்ளாச்சியிலிருந்து மாட்டுவண்டியில் புறப்பட்டுச் சித்தூர் வழியாகப் பாலக்காடு சேரும் ஒருவன் சென்னை மாகாணத்தை விட்டுக் கொச்சிக்குள் நுழைந்து, மறுபடியும் சென்னை மாகாணத்துக்குள் வந்து சேருவான். வழியெல்லாம் தமிழ் கேட்கும்.

யார் அந்தத் தமிழர்? கல்பாத்தி முதலான அக்கிரகாரங்களில் குடியேறிய பிராமணரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் அதிகம் சொல்லவேண்டியதில்லை. கொங்கு நாட்டிலிருந்து வந்து கிழக்குச் சித்தூரில் நிலம் திருத்திய கவுண்டர்கள், நெசவாளர், கூலி வேலைக்கு வந்த ஒடுக்கப்பட்ட ஜனங்கள் ஆகியோரே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். இவர்களுக்கெல்லாம் முன்னரே எரவாளரும் மலசரும் அங்கே இருந்தனர். வடக்கே அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும் வாழ்கின்றனர். இருளர் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. திருச்சபைகளின் எல்லையும்கூட இங்கே மாநில எல்லையைப் பின்பற்றவில்லை. பாலக்காட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்களாயிருந்தார்கள். 2013 டிசம்பரில்தான் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியாக ஏற்படுத்தப்பட்டது.

மேலே, உயர்ந்த மலைகளில்

தெற்கே ஆனைமலையைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். 1972 ஜனவரி 26 அன்று, கோட்டயம் மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுக்காக்களையும் எர்ணாகுளம் மாவட்டத்தின் தொடுபுழையையும் சேர்த்து இதை உருவாக்கினார்கள். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர், இங்கேதான் இருக்கிறது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. அந்தப் பெயருக்கு அகராதி தேவையில்லை.

தேயிலைக்கு முன்பு இம்மலையில் தமிழர் இல்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது சரியன்று. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் அஞ்சுநாடு எனப்பட்டன. மதுரைப் பக்கத்தில் குழப்பம் மிகுந்த காலங்களில் மலையேறி வந்து குடியமர்ந்தவர்கள் என்பது அவ்வூராரின் வழிவழிக் கூற்று. மறையூரில் முனியறை என்று வழங்கும் கற்பதுக்கைகள் அவர்களுக்கும் வெகுகாலம் முந்தியவை. இன்றும் அங்கே கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சுகிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதுவர் என்னும் மலைவாசிகளும் தாங்கள் மதுரையிலிருந்து வந்ததாகவே சொல்லுகிறார்கள். முதுகில் சுமந்து வந்ததால் அப்பெயர் என்பது அவர்களுடைய விளக்கம். பூஞ்சாற்று அரச வம்சமும் பாண்டியர் வழியென்று தன்னைச் சொல்லிக்கொள்வதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். பீர்மேடு என்ற பெயரும் தக்கலையைச் சேர்ந்த பீர் முகமது என்னும் தமிழ்ச் சூஃபிப் புலவர் அங்கே தங்கியிருந்ததால் வந்தது என்பார்கள். இவை சாசனங்கள் அல்ல, ஐதிகங்கள். ஆயினும் இத்தனை ஐதிகங்களும் கிழக்கு நோக்கியே கைகாட்டுகின்றன.

1877 ஜூலை 11 அன்று பூஞ்சாற்று ராஜா, ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்கு ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்! மறு ஆண்டில் திருவிதாங்கூர் அரசாங்கம் இதை ஏற்றுக்கொண்டது. 1880-ல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்னுமிடத்தில் முதலில் தேயிலை நட்டார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. கண்ணன் தேவன் என்பதும் அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயரே என்பார்கள். நகரத்துக் கடைகளில் தேயிலைப் பொட்டலத்தின்மேல் அந்தப் பெயரைக் காண்கிற நம்மில் எத்தனைபேர் அது ஒரு மனிதனின் பெயர் என்று அறிவோம்?

காட்டைத் திருத்திக் கொழுந்து பறிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். முன்பணம் கொடுத்து, அந்தக் கடனாலேயே கட்டிவைக்கும் முறை அது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய அதே ஜனங்களின் உறவினர் இங்கே கால்நடையாக மலையேறினார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் கண்டிக்கும் மற்றொருவர் மூணாற்றுக்கும் போனதுண்டு. கண்டிக்குப் போனவர்களைப் பற்றிய சரித்திர நூல்கள் ஒரு அலமாரியை நிரப்பும். மூணாற்றுக்குப் போனவர்களுக்கு ஒரு தட்டுகூட நிரம்பாது.

அந்நாளில் மூணாற்றுக்கு வாசல் கொச்சிப் பக்கம் இல்லை, போடிப் பக்கமே இருந்தது. 1902-ல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தார்கள். 1908-ல் அது சிறு ரயில்பாதையாயிற்று. மலையுச்சியில் டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சேர்ந்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. 1924-ன் பெருவெள்ளம் ரயிலைத் தடமின்றி அடித்துச் சென்றது. அதன்பிறகே மேற்குப் பக்கத்துச் சாலை முக்கியமாயிற்று. அந்த வெள்ளம் வராதிருந்தால் 1956-ல் கோடு வேறுவிதமாக விழுந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு.

மூணாற்றுக் குன்றின்மேல் நிற்கும் கிறிஸ்து ஆலயத்துக்கு 1910-ல் அஸ்திபாரமிட்டார்கள். கல்லறைத் தோட்டம் அதற்கு முந்தியது. 1894-ல் இறந்த எலினர் இசபெல் மே என்ற இளம் ஆங்கிலப் பெண்ணே அங்கே முதலில் அடக்கம்பண்ணப்பட்டவர். ஆலயம் பின்னால் வந்தது. துரைமார்களுக்காகக் கட்டிய அவ்வாலயத்தில் பிற்காலத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஆராதனை நடக்கலாயிற்று.

1956

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மொழிவாரி மாநிலங்கள் அமையவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி அவர்களின் தலைமையில், தமிழ்த் தாலுக்காக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்று போராடியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளமும் பீர்மேடும் அந்தக் கோரிக்கையில் இருந்தன. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின.

அப்போது முதலமைச்சராயிருந்த பட்டம் தாணுபிள்ளையின் அரசாங்கம் மலைப்பகுதியில் குடியேற்றத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சமவெளியிலிருந்து வரும் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம். கல்லாறு அருகே இன்றைக்கும் பட்டம் காலனி என்ற பெயர் இருக்கிறது. உணவுப் பற்றாக்குறையைத் தீர்ப்பதற்காக என்று அரசாங்கம் சொன்னது. மக்கள்தொகைக் கணக்கை மாற்றுவதற்காக என்று தமிழர் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து. காட்டையும் காய்ச்சலையும் எதிர்த்துப் பாடுபட்டு அந்த மலையைத் திருத்திய மலையாளி விவசாயியும் ஏழையே என்பதை நாம் மறக்கலாகாது.

பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநிலப் புனரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. தெற்கே நான்கு தாலுக்காக்களும் செங்கோட்டையும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதைக் குழு அறிந்தேயிருந்தது. ஆனால் அவர்களில் மிகுதியானோர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்றும், மொழி ஒன்றை மட்டும் கொண்டு தீர்மானிக்கக்கூடாது என்றும், கேரளத்தின் பொருளாதாரத்துக்கு அம்மலைகள் அவசியம் என்றும் கருதியது. பணிக்கர் மலையாளி என்பதைச் சொல்லிக் குறைப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. இவ்விஷயத்தில் மூவரும் ஒருமனப்பட்டே எழுதினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1956 நவம்பர் 1 அன்று கோடு விழுந்தது. அதே நாளில் மலபார் மாவட்டம் சென்னையை விட்டுக் கேரளத்தோடு சேர்ந்ததால் பாலக்காட்டுத் தமிழரும் புதிய மாநிலத்தின் சிறுபான்மையினர் ஆனார்கள். 1957 ஜனவரி 1 முதல் பாலக்காடு தனி மாவட்டம்.

மூன்று தலைமுறை மலையில் உழைத்தவனை "வேலைக்கு வந்தவன்" என்றே கணக்கிட்டார்களே, அந்தக் கணக்கின் விளைவு இன்றுவரை தொடர்கிறது. அதற்கு முன் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை.

நீர் ஓடும் திசை

மலைநாட்டு நதிகள் மாநில எல்லையை மதிப்பதில்லை. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதி அணையில் சேருகிறது. அட்டப்பாடியின் பவானியும் கிழக்கே போகிறது. பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் சிறுவாணி அணை கோயம்புத்தூருக்குக் குடிநீர் தருகிறது. மறுபுறம், ஆழியாற்றின் நீர் தமிழ்நாட்டிலிருந்து இறங்கிச் சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் கலக்கிறது. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவில் கேரளத்துக்கு விடவேண்டும். ஆகவே கோடைகாலத்தில் "தமிழ்நாடு தண்ணீர் விடவில்லை" என்று கோபத்தோடு பேசும் சித்தூர் விவசாயிகளில் பலருக்குத் தாய்மொழி தமிழ்!

முல்லைப் பெரியாற்றிலோ நிலைமை தலைகீழ். 1886 அக்டோபர் 29 அன்று 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குத் திருவிதாங்கூர் குத்தகை தந்தது. பென்னிகுவிக் 1895-ல் அணையை முடித்தார். அந்த நீரால் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரையும் இராமநாதபுரம் வரையிலும் பிழைக்கின்றன. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் 142 அடிவரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படாத ஒன்றுண்டு. அணைக்குக் கீழே முதலில் வரும் பெரிய ஊர் வண்டிப்பெரியார். அங்கே ஆற்றங்கரையிலும் தோட்டங்களிலும் குடியிருப்பவர்களில் பெருந்தொகையினர் தமிழர். மழைக்காலத்து இரவில் அணைநீர்மட்டத்தைக் கேட்டு உறங்காதிருப்பவரும் தமிழர். அந்த நீருக்காக வயலில் காத்திருப்பவரும் தமிழர். 2011 டிசம்பரில் பதற்றம் மூண்டபோது ஏலத்தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையாய்த் தேவாரம் பக்கம் இறங்கினார்கள். பதற்றம் தணிந்தபின் ஜீப்புகள் வழக்கம்போல் ஓடின. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஏறி இறங்கும் இந்தத் தொழிலாளர் இல்லாமல் உடும்பன்சோலையில் ஏலக்காய் பறிப்பில்லை. விளைந்த ஏலக்காயின் ஏலமும் கேரளத்தின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடியிலுமாக மாறிமாறி நடந்துவருகிறது. வியாபாரிகளுக்குக் கோடு ஒருநாளும் தடையாயிருந்ததில்லை.

வீடும் சான்றிதழும்

2011 கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். இவர்களில் தோட்டத்தார் குடியிருக்கும் லயங்கள் கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால், குடும்பத்தில் இன்னொருவர் வேலையில் சேர்ந்தாலன்றி, வீட்டைக் காலி செய்யவேண்டும். நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்கு ஒரு சென்ட் நிலமில்லை. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டபோது மூணாற்றுச் சாலையை மறித்து அமர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தாங்களே பேசி 20 சதவீதம் பெற்றார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் அப்போது உலகமெங்கும் கேட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபதுபேர் மாண்டார்கள். அவர்களில் அநேகருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதி. இரண்டு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் துக்கவீடு.

சான்றிதழ் காரியம் இன்னும் சிக்கலானது. பட்டியல் சாதியாரைக் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியாயிற்று. அத்தேதிக்கு முன்பே தம் முன்னோர் கேரள எல்லைக்குள் குடியிருந்தார்கள் என்று காட்டினாலொழிய அங்கே அச்சான்றிதழ் கிடைப்பதரிது. சொந்த நிலமும் வீட்டுவரி ரசீதும் இல்லாத ஜனங்கள் எதைக் காட்டுவார்கள்? அந்த ஆணை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நம் வாசகர்கள் அனுபவத்தால் அறிவார்கள்.

இவ்விரண்டு கேள்விகளும் ஒரே வழக்கில் சேர்ந்துவந்தன. 2021-ல் தேவிகுளம் தனித்தொகுதியில் வெற்றிபெற்று, சட்டமன்றத்தில் தமிழிலே பதவிப் பிரமாணம் எடுத்த ஏ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அவர் கிறிஸ்தவர் என்பது எதிர்த்தரப்பின் வாதம். முன்னோர் எப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதும் கேள்வியாயிற்று. ஒரு சபையின் குடும்பப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் நீதிமன்றத்தில் சான்றாக வந்தன. 2025 மே 6 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, அவருடைய தேர்தல் செல்லும் என்றது. தாத்தா காலத்தில் ஒரு மலையூர் ஆலயத்தில் எழுதப்பட்ட ஒரு வரி, பேரனின் பதவியை நிறுத்தவும் நிலைநாட்டவும் விசாரிக்கப்பட்டது. சபைப் பதிவேடுகளை வைத்திருக்கிற ஊழியர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அடித்துத் திருத்தாமல், தேதியோடு, தெளிவாக எழுதுங்கள்.

அம்மலைகளிலிருந்து நகரத்துக்கு வந்திருக்கும் குடும்பத்தார் ஊருக்குப் போகும்போது சில காகிதங்களைத் தேடி எடுத்துக்கொள்வது நல்லது. தாத்தா பாட்டியின் தோட்டப் பெயர்ப்பதிவு, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, பழைய பள்ளிச் சான்று, பழைய வாக்காளர் பட்டியலின் நகல் ஆகியவை உதவும். அலுவலகத்துக்கு மனு எழுத மலையாளம் தெரியாதே என்று கலங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1969-ம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும், தலைமைச் செயலகத்துக்கும் தமிழர் தமிழிலேயே மனு எழுதலாம். பதிலும் தமிழிலேயே தரப்படவேண்டும்.